கணவாய்க் காற்றுக்கு ஒரு ஜோடி வீல்

கோயம்புத்தூர்க்காரர் ரோடு பைக்குக்குக் கார்பன் வீல் தேடும்போது சென்னை நண்பரின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஈசிஆரில் ஓட்டுகிறவருக்கு மகாபலிபுரம் வரை ஒரே சமதளம். எங்களுக்கோ தெற்கே போனால் காற்று, வடக்கே போனால் மலை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்திருக்கும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலச் சந்துதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் விரிகிறது. அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. வடக்கே மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் கோத்தகிரி ரோடு. 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும்.

என்னுடையது டிஸ்க் பிரேக் வைத்த அலுமினிய ரோடு பைக். ஃப்ரேம் அருமையான ஃப்ரேம். கூட வந்த வீல் மட்டும் சுமார். ஜோடி இரண்டு கிலோவைத் தொட்டது. உயரம் குறைந்த ரிம், தடித்த உருண்டைக் கம்பிகள். இந்த விலை வண்டிகளில் கம்பெனிகள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் வீலில்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூட்டமாகக் கிளம்பிப் போகும்போது முன்னால் யாரோ ஒருவருடைய ஐம்பது மில்லிமீட்டர் கார்பன் ரிம் காற்றை வெட்டிக்கொண்டு 'ஊம்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை. ஆசையை மறைத்துக்கொண்டு கணக்கு மட்டும் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு ஆசையும் இருந்தது, கணக்கும் தேவைப்பட்டது.

பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை எனக்கு. தீபாவளி போனஸும் கையிருப்பும் சேர்த்து அறுபதாயிரம் வரை ஒதுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. "வண்டியே எண்பதாயிரந்தானுங்க, சக்கரத்துக்கு மட்டும் அறுபதாயிரமா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பாமல் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த விஷயமே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

முதலில் எடை. கடைக்காரர், நண்பர், விளம்பரம் எல்லாருமே கிராமில்தான் பேசுகிறார்கள். ஜோடி 1,500 கிராமிலிருந்து 1,350 கிராமுக்கு இறங்கினால் விலை பதினைந்தாயிரம், இருபதாயிரம் ஏறிவிடுகிறது. நான், வண்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 84 கிலோ. இரண்டு கிலோ வீலைக் கழற்றிவிட்டு ஒன்றரைக் கிலோ வீலை மாட்டினால் குறைவது நூற்றில் 0.6 பங்கு. கோத்தகிரி ஏற எனக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். அதில் மிச்சமாவது ஐம்பது விநாடிக்குள். இன்னும் 150 கிராம் குறைக்கக் கேட்கிறார்களே கூடுதல் இருபதாயிரம், அதற்குக் கிடைப்பது பதினைந்து விநாடி. சுற்றுகிற எடை இரட்டிப்பு எடை என்று ஒரு பேச்சு உண்டு. நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும் சில நொடிகளுக்கு அது ஓரளவு சரி. ஒரே சீராக மலை ஏறும்போது ரிம்மில் உள்ள கிராமும் பாட்டிலில் உள்ள கிராமும் ஒன்றுதான்.

அடுத்தது காற்று. சமதளத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் காலின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. காற்றில்லாத நாளில் வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் காற்றைப் பிளக்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால் வருவது. வீலின் பங்கு சிறியது. உயரமான ரிம் சில வாட்டுகளை மீட்டுத் தரும். என் வேகத்தில் ஐந்திலிருந்து எட்டு வாட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு அரைக் கிலோமீட்டருக்குள்தான் வேகம் கூடும். மலிவான டயரைக் கழற்றிவிட்டு நல்ல ரேஸ் டயர் ஜோடி மாட்டினால் பத்து வாட்டுக்கு மேல் மிச்சமாகும். அதனால் வீலுக்கு முன்பே டயரை மாற்றினேன். மனைவியிடம் இந்த எண்களைச் சொன்னேன். இவ்வளவுதான் கிடைக்கும், ஆனாலும் எனக்கு வேண்டும் என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா சரின்னிருப்பனே" என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரின் அறுபது மில்லிமீட்டர் வீலை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனேன். கிணத்துக்கடவு வழியாகத் தெற்கே போகிற ரோடு அது. மேற்கிலிருந்து வரும் காற்று வலது தோளில் வந்து மோதும். சீராக அடிக்கிற காற்றுக்கு வண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் போதும், உடம்பு பழகிவிடும். சிக்கல் லாரியால் வந்தது. வலப்பக்கமாக நம்மைத் தாண்டிப் போகிற லாரி இரண்டு மூன்று விநாடி காற்றை முழுசாக மறைத்துவிடுகிறது. சாய்த்துப் பிடித்திருக்கும் வண்டி லாரிப் பக்கமே போகப் பார்க்கும். சுதாரிப்பதற்குள் லாரி போய்விடும். மறைந்திருந்த காற்று மொத்தமாகத் திரும்பி வந்து முன் வீலைப் பிடித்துத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் மணிக்கட்டு இரண்டும் விண்ணென்று தெறித்தன. திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம். அது வண்டியை ரோட்டு நடுவுக்கு, பஸ்ஸும் லாரியும் வருகிற பக்கமாகவே தள்ளியது. அந்த வழியில் தினமும் பால் கேனோடு டிவிஎஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிய சமாச்சாரம். எட்டுக் கிலோ வண்டியில் போகிறவருக்கு உயிர் விஷயம்.

இதில் முன் வீலின் பங்குதான் பெரிது. பின் வீல் ஃப்ரேமில் நிலையாக நிற்கிறது. பக்கக்காற்று பட்டால் வண்டி மொத்தமாக ஒதுங்கப் பார்க்கும், அவ்வளவுதான். முன் வீல் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவது. ரிம் உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கிற பரப்பும் கூடி, அந்த விசை ஹேண்டிலைத் திருப்பும் முறுக்காக மாறிவிடுகிறது. ரிம்மின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழைய உயர ரிம்கள் உள்விளிம்பில் கூர்மையாக முடியும். பக்கக்காற்றில் திடீர் திடீரென்று உதறும். உள்விளிம்பு மழுங்கி, வயிறு உப்பிய ரிம்கள் அந்த அளவுக்கு உதறுவதில்லை. 2014-இல் மறைந்த அமெரிக்கர் ஸ்டீவ் ஹெட் போன்றவர்கள் இந்த உப்பிய வடிவத்துக்குப் பாதை போட்டவர்கள். இன்று சீனத்து மலிவு ரிம்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன. பட்ஜெட் வீல் வாங்குகிறவருக்கு இது பெரிய கொடுப்பினை என்றே நினைக்கிறேன். ஒரு காலத்தில் காற்றுச் சுரங்கம் வைத்திருந்தவர்களின் சொத்தாக இருந்த அறிவு இப்போது ஐம்பதாயிரம் ரூபாய் வீலில் கிடைக்கிறது.

அறுபதை அன்றே மனசிலிருந்து எடுத்துவிட்டேன். முன்னே நாற்பது, பின்னே ஐம்பது என்று முடிவு செய்தேன். உயரம் வேறு வேறாக ஜோடி சேர்த்துத் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன.

பட்ஜெட் கார்பன் என்றால் பெரும்பாலும் சீனா. அதிலும் ஃபூஜியன் மாநிலத்துச் சியாமென் நகரம். லைட் பைசைக்கிள், வின்ஸ்பேஸ் போன்றவை அங்கிருந்து வருகிறவை. மேற்கத்தியப் பெயர் ஒட்டிய உயர்ரக ஜோடி 2,000 டாலரைத் தாண்டும்போது, இவர்களிடம் நானூறு டாலரிலிருந்து எழுநூறு டாலருக்குள் நல்ல ஜோடி அமைகிறது. எல்லா விளம்பரத்திலும் ஒரே பல்லவி: டோரே டி-700, டோரே டி-800. டோரே என்பது 1971-லிருந்தே கார்பன் இழையை வணிகமாகத் தயாரிக்கும் ஜப்பான் கம்பெனி. டி-700 இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். டி-800 அதைவிட அதிகம். எண்ணைப் பார்த்தால் டி-800 வாங்கத்தான் தோன்றும். அதைத் திருத்தியவன் உடுமலையில் இருக்கும் என் சித்தி மகன்.

அவனுக்குத் தொழில் காற்றாலை பிளேடு ரிப்பேர். கயிற்றில் தொங்கிக்கொண்டு பிளேடின் விரிசலைத் தேய்த்தெடுத்து, கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, சூடுகாட்டி இறுக வைக்கிற வேலை. இழை வேறானாலும் கார்பன் ரிம்முக்கும் கதை அதேதான்: இழை, பிசின், சூடு, அழுத்தம். அந்தச் சமயத்தில் திருப்பூரில் ஒருவர் தான் ஓட்டிய கார்பன் ஜோடியை இருபத்தெட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பார்க்கப் புதுசாக மின்னியது. ஒரு நாள் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுமதி கேட்டு உடுமலைக்குக் கொண்டுபோனேன்.

டயரைக் கழற்றச் சொன்னான். ஈரத்துணியால் ரிம்மைத் துடைத்தான். திண்ணைக் கொக்கியில் வீலைத் தொங்கவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து விளிம்பால் ரிம்மைத் தட்ட ஆரம்பித்தான். விரலகலத்துக்கு ஒரு தட்டு. டிங், டிங், டிங். காதை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி நகர்ந்தான். பின் வீலில் வால்வு ஓட்டைக்கு இரண்டு கம்பி தள்ளி வந்ததும் சத்தம் 'டப்' என்று செத்துப்போனது. மறுபடி தட்டினான். அதே 'டப்'.

"வால்வுகிட்ட அடுக்கு ஜாஸ்தி வெப்பாங்கல்ல, அதனால சத்தம் மாறலாமே?" என்றேன்.

"மாறுமுங்ணா. அதுக்குத்தான் இந்தப் பக்கம் தட்டுனதை அந்தப் பக்கம் அதே இடத்துல தட்டிப் பாக்கோணும்" என்று வீலைத் திருப்பினான். மறுபக்கம் அதே இடத்தில் சுத்தமான 'டிங்'. ஸ்கெட்ச் பேனாவால் செத்த சத்தத்தைச் சுற்றிக் கோடு போட்டான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தீவு தெரிந்தது. ரிம் டேப்பைக் கொஞ்சம் உரித்துக் கம்பி ஓட்டை வழியாக டார்ச் அடித்தான். உள்சுவரில் அந்த இடத்தில் இழை மடிந்து சுருக்கம் விழுந்திருந்தது.

"அடுக்கு அங்க ஒட்டலீங்ணா. இப்போ ஒண்ணும் ஆகாது. ஒரு குழியில டொக்குனு விழுந்தீங்கன்னா அங்கிருந்துதான் விரியும். எந்தக் கம்பெனி நூலுன்னு எல்லாரும் கேக்கறாங்க. அதை எப்படி அடுக்குனாங்க, எவ்வளவு நேரம் சூட்டுல வெச்சாங்கன்னு யாருமே கேக்கறதில்லீங்ணா."

திருப்பூர்க்காரரிடம் வீலைத் திருப்பிக் கொடுத்து, கோடு போட்ட இடத்தையும் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. நாணயத்தை வாங்கித் தானே தட்டிப் பார்த்துவிட்டு, விற்பதை நிறுத்திவிட்டார். பழைய கார்பன் வீல் வாங்க நினைக்கிற எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: டயர், டேப் கழற்றித் தட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். அலுமினிய ரிம் அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் மேலே மினுமினுத்துக்கொண்டே உள்ளே பிரிந்திருக்கும்.

அதன் பிறகு விற்பனையாளர்களிடம் நான் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. ரிம்மின் உள்சுவர் தெரிகிற குறுக்குவெட்டுப் படம் கேட்டேன். உடைந்தால் எத்தனை வருடம் மாற்றித் தருவீர்கள், அனுப்பும் செலவு யார் தலையில் என்று கேட்டேன். சிலர் டி-800 என்றே திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஒரு கம்பெனி மட்டும் ரிம்மைக் குறுக்கே அறுத்துப் படமெடுத்து அனுப்பியது. உள்சுவர் வழவழவென்று, சுருக்கம் இல்லாமல் இருந்தது. அவர்களிடம் டி-700தான். அவர்களைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

டயர் உட்காரும் விளிம்பில் கொக்கி வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் செய்வது சுலபம், அதனால் விலையும் குறையும். ஆனால் அதில் காற்றழுத்தம் 5 பாரை, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. டயரும் அதற்கென்றே ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் டயருக்கு என் எடையில் நான் அடிப்பது எழுபதை ஒட்டி. பெட்ரோல் பங்க் மீட்டரையும் பழைய கைப்பம்பையும் நம்பி ஓட்டுகிற ஊரில் இரண்டு பிஎஸ்ஐ இடைவெளியில் உயிரை வைக்க எனக்கு மனமில்லை. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்ற பெல்ஜிய வீரரின் டயர் ஹுக்லெஸ் ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தபோது, இந்த விவாதம் உலகம் முழுக்கச் சூடுபிடித்தது. கொக்கி உள்ளதை, உள்ளகலம் 21 மில்லிமீட்டரில் எடுத்தேன்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. பவுண்டரி நடத்தி ஓய்ந்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணா என்போம். அவருடையது ரிம் பிரேக் வண்டி. என்னைவிடப் பல வருடம் முன்பே மலிவு விலையில் ஒரு கார்பன் ஜோடி மாட்டியவர். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார். தாண்ட வழியில்லை. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வளைவு வளைவாக வந்தார். குஞ்சப்பனையை நெருங்கும்போது பிரேக் லிவர் கைக்குள் துடிக்க ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தோம். கருகிய பிசின் வாடை. முன் ரிம்மின் பக்கச்சுவர் ஓரிடத்தில் வெளியே புடைத்திருந்தது. அவர் சத்தமே போடாமல் டயர் காற்றை முதலில் இறக்கிவிட்டார். பவுண்டரிக்காரர், சூடான பொருளோடு பேசத் தெரிந்தவர்.

84 கிலோ எடை 1,400 மீட்டர் இறங்கும்போது பதினொரு லட்சம் ஜூலுக்கு மேல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான். மொத்தமும் சூடாக மாறினால் குழாய்த் தண்ணீர் மூன்றரை லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். அலுமினியம் அந்தச் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் இழையைப் பிடித்திருப்பதோ பிசின்; சாதாரண எப்பாக்ஸிகள் பல 120 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். உள்ளே டயரின் காற்றழுத்தம் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்க, வெளியே பிரேக் கட்டை தேய்த்துச் சூடேற்றினால் சுவர் புடைக்காமல் என்ன செய்யும்? அதிக வெப்பம் தாங்கும் பிசின் போட்ட ரிம்களும் இருக்கின்றன. அதற்கான விலை பட்ஜெட்டுக்குள் வராது. டிஸ்க் பிரேக்கில் சூடு முழுதும் ரோட்டருக்குப் போய்விடுவதால் ரிம்முக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2018-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ரோடு பந்தயங்களில் டிஸ்க்கை நிரந்தரமாக அனுமதித்த பிறகு, பட்ஜெட் கார்பன் நம்பி வாங்கக்கூடியதாக ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மலைப்பக்கம் ரிம் பிரேக் ஓட்டுகிறவர் மலிவுக் கார்பன் வாங்குவதை நான் பிடிவாதமாகத் தடுப்பேன். அண்ணாவும் அன்றைக்கே அலுமினிய ரிம்முக்குத் திரும்பிவிட்டார்.

இனி ஹப். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் ஒரு பெரியவர் கடை வைத்திருக்கிறார். மில்கள் ஓடிய காலத்தில் ஷிப்டு விடும் நேரத்தில் வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்களுக்குக் கோட்டம் எடுத்தே கை பழகியவர். அந்த வண்டிகளில் முன் வீலுக்கு 32 கம்பி, பின் வீலுக்கு 40. ஆர்டர் போடுவதற்கு முன்பே அவரிடம் போய், எந்த மாதிரி வீல் வந்தால் உங்களால் பார்க்க முடியும் என்று கேட்டேன். கேட்டதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

"எல்லாரும் வாங்கிட்டு வந்துதான் தம்பி கேப்பாங்க. நிப்பிள் வெளிய இருக்கோணும். உள்ள ஒளிச்சு வெச்சிருந்தா ஒரு கோட்டம் எடுக்க டயர், டேப் எல்லாம் கழட்டோணும். போக்ஸ் கம்பி தலை வளைஞ்ச கம்பியா, இரும்புக் கம்பியா இருக்கட்டும். அப்பத்தான் ஒண்ணு அந்துபோனா நாம மாத்த முடியும்."

கார்பன் கம்பி போட்ட வீல்கள் அதே சியாமென்னிலிருந்து நூறு, நூற்றைம்பது கிராம் குறைவாக வருகின்றன. அழகானவை. கம்பி ஒன்று போனால் எங்கள் ஊரில் கேட்க நாதியில்லை. பெரியவர் சொன்னபடியே எஃகுத் தட்டைக் கம்பி, வெளி நிப்பிள், ஒவ்வொரு நீளத்திலும் உபரிக் கம்பி என்று எழுதி அனுப்பினேன். ஹப்பில் என்ன பேரிங் என்று கேட்டதற்கு 6902 என்று பதில் வந்தது. அந்த எண்ணோடு காந்திபுரம் பக்கம் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். பம்புக்கும் மோட்டாருக்கும் பேரிங் வாங்க ஊரே வரிசையில் நிற்கிற கடை. 6902 என்றேன். "டூ ஆர்எஸ்ஸா, இசட் இசட்டா?" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். ரப்பர் மூடி போட்டதா, தகரம் போட்டதா என்பது கேள்வி. மழையில் ஓட்டுகிறவனுக்கு ரப்பர். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, கனம் 7 மில்லிமீட்டர். சின்ன அட்டைப்பெட்டியில் என் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. விலையுயர்ந்த வீல் ஒன்றின் தனி ரகப் பேரிங்குக்காக நண்பர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து பார்சலுக்குக் காத்திருந்ததைப் பார்த்தவன் நான். பேரிங் கடைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

பார்சல் வந்தது, சுங்க வரி கட்டியது, கேஒய்சி கேட்டு அலைக்கழித்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். வரியெல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்துக்குச் சற்று உள்ளே நின்றது. 1,480 கிராம் என்றவர்களின் வீல் என் தராசில் 1,512 காட்டியது. நேரே பெரியவர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் வீலை ஸ்டாண்டில் ஏற்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டிக் கேட்டார். பின் வீலில் பல்சக்கரப் பக்கம் கம்பிகள் உயர்ந்த சுருதியிலும் எதிர்ப்பக்கம் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்க வேண்டும். இரண்டு பக்க இழுவையும் சமமாக இருக்காது. ஒரு கம்பி மட்டும் தன் வரிசையோடு சேராமல் ஒலித்தது. நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்பினார். மறுபடி மீட்டினார். சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றிவிட்டார். "இருபத்திநாலு கம்பில இவ்வளவு நேரா நிக்குதா?" என்று வியந்து, கூலி வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு அன்னூர் ரோட்டில் போனோம். கணக்கு சொன்னதற்கு மேல் வேகம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைவிடக் குறையவும் இல்லை. ஆனால் முப்பத்தைந்தைத் தொட்ட பிறகு அந்த வேகத்தில் நிற்பது முன்னைவிட இதமாக இருந்தது. அந்தச் சத்தம் இப்போது என் வண்டியிலிருந்தே வந்தது. எனக்கு அதில் அடங்காத சந்தோஷம். பொள்ளாச்சி ரோட்டில் ஆனி, ஆடியில் லாரி தாண்டும்போது முன் வீல் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் பிடித்து நிறுத்திவிட முடிகிறது. கோத்தகிரி இறக்கத்தில் ரோட்டர் சுடுகிறது. நின்று ரிம்மைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உடுமலையில் தம்பி நாணயத்தால் தட்டிப் பார்த்து ஒப்புதல் தருகிறான். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பெரியவர் 6902-ஐ மாற்றினார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அண்ணா இப்போது டிஸ்க் ஃப்ரேம் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் உடம்பு மட்டுமே தொண்ணூறு கிலோ. கார்பன் ரிம்மே போடலாம், ஆனால் பின்னால் 24 கம்பி போதாது, 28 வேண்டும் என்பது என் கட்சி. முப்பத்திரண்டுக்குக் கீழே தான் கோத்துத் தர முடியாது என்கிறார் பெரியவர். "ஏம்ப்பா, எட்டுக் கம்பி எத்தனை கிராமு?" என்று அண்ணா கேட்டார். ஐம்பது கிராமுக்குள்தான் என்றேன். முப்பத்திரண்டு ஓட்டை போட்ட ரிம் அந்தச் சியாமென் கம்பெனியில் உண்டா என்று நேற்றுத்தான் எழுதிக் கேட்டிருக்கிறோம்.